பதினொரு யூனிற்

விடியப்புறம் நாலே முக்கால் மணி. சண்டிலிப்பாயிலிருந்து பட்டணப் பக்கம் போகிற வீதி. இரண்டு பக்கமும் வெங்காயத் தறை. சனம் இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. ஒரு சைக்கிள் மட்டும் வருகிறது... கிறீச்... கிறீச்... என்று சங்கிலி உரசுகிற சத்தம். முன்விளக்கு எரியவில்லை. டைனமோவைச் சில்லோடு சேர்த்தால் மிதிக்கிற காலுக்குப் பாரம் கூடும் என்று அந்த மனிதர் அதைச் சேர்ப்பதில்லை. எதையும் வீணாக்கப் பிடிக்காத மனிதர்.

மருதனார்மடத்துச் சந்தியில் சைக்கிள் திருத்துகிறாரே நாகலிங்கம், அவருடைய அத்தான்தான் அது. சண்முகநாதன் என்று பெயர். அரசாங்கத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். கட்டடங்களின் மின்சார வேலைகளைப் பார்க்கிறவர். இது அவருக்கு நடந்தது. நாகலிங்கம் தன் கண்ணால் கண்ட பங்கு கடைசியில் வரும். கிட்ட வந்து இருங்கள். விளக்கைக் கொஞ்சம் தணித்துவிடுங்கள். கதை முடியும்வரை எண்ணெய் நிற்க வேண்டும்.

1984, ஆவணி மாதம். கொழும்பிலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்திருந்தது. பெரிய அரசாங்கக் கட்டடத் தொகுதிகளில் மின்சாரச் செலவைக் குறைக்க வேண்டும். எங்கே வீணாகிறது, எதைத் திருத்தினால் குறைந்த செலவில் கூடிய மிச்சம் வரும் என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். ஒரு நிபந்தனை. போட்ட காசு மூன்று வருசத்துக்குள் திரும்பி வருகிற திருத்தங்களை மட்டும் எழுதலாம்.

கொக்குவிலுக்குக் கிட்ட, றெயில் பாதையை ஒட்டி, ஒன்பது கட்டடங்களில் அலுவலகங்கள் இயங்குகிற ஒரு கந்தோர்த் தொகுதி இருந்தது. அது சண்முகநாதனின் பங்குக்கு வந்தது.

அவருக்கு அந்த வேலை நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. விறாந்தை விறாந்தையாய் நடந்து பல்ப்புகளை எண்ணினார். யன்னல் பக்கத்து மேசைகளுக்குப் பகலில் விளக்கு எதற்கு என்று எழுதினார். சுவருக்கு வெள்ளை அடித்தால் பாதி விளக்குப் போதும் என்று எழுதினார். தண்ணீர்த் தாங்கி நிறைந்து வழிகிறது, மிதவையை மாற்றினால் பம்ப் ஒரு மணித்தியாலம் குறைவாக ஓடும் என்று எழுதினார். எல்லாம் சட்டைப்பைக்குள் இருக்கிற ஒரு சின்னக் கொப்பியில், பென்சிலால்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு அளவு. எல்லாரும் போன பிறகு, எல்லாவற்றையும் அணைத்து நூர்த்த பிறகு, அந்தத் தொகுதி எவ்வளவு மின்சாரத்தைக் குடிக்கிறது? அதற்காகத்தான் அந்த விடியப்புறப் பயணம். முதல்நாள் பின்னேரம் கடைசிக் கிளாக்கர் போன பிறகு, தன் கையாலேயே ஒவ்வொரு சுவிச்சாய் நூர்த்து, மீற்றரைப் பார்த்துக் குறித்துவிட்டுப் போயிருந்தார். இப்போது திரும்பவும் பார்க்க வேண்டும். காவல் விளக்கைத் தவிர வேறொன்றுக்கும் மீற்றர் ஓடக் கூடாது.

ரோச் லைற் அடித்துப் பார்த்தார்.

கண்ணாடிக்குள்ளே அந்த வட்டத் தகடு... அதன் விளிம்பில் இருக்கிற சிவப்புக் கோடு... மெல்ல வந்தது. மெல்லப் போனது. திரும்ப வந்தது.

பதினொரு யூனிற். ஒரு இரவுக்கு.

"கிறகோரி! எல்லாம் நூத்தபடிதானே கிடந்தது?"

கிறகோரி அந்தத் தொகுதியின் இராக் காவலாளி. குருநகர் ஆள். பம்ப் அறைக்கு முப்பது யார் தூரம் தள்ளி ஒரு தகரக் கொட்டில்தான் அவருடைய இடம். மனைவி செபஸ்தியம்மா அதே தொகுதியில் கூட்டித் துடைக்கிற வேலை. விடிய ஐந்து மணிக்கு வந்து வாளியில் தண்ணீர் பிடித்துத் தொடங்கினால், கந்தோர் திறக்க முதல் ஒன்பது கட்டடமும் மினுங்கும்.

"ஓம் ஐயா. நீங்கள் போனதுக்குப் பிறகு நான் ஒரு சுவிச்சையும் தொடேல்லை. என்ரை கொட்டில் பல்ப்பும், முத்தத்து லைற்றும்தான்."

"அது ரெண்டும் சேந்து ரெண்டு யூனிற்கூட வராது."

கிறகோரி மூன்று கல்லின் மேல் சிரட்டை போட்டு எரித்துத் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு கோப்பையை நீட்டினார். புகை மணக்கிற தேத்தண்ணி. சண்முகநாதன் வாங்கிக் குடித்தார்.

"ஐயா, ஒண்டு சொல்லவேணும். பம்ப் அறைப் பைப்பிலை கை வைச்சால் சுள்ளெண்டுது. செபஸ்தியும் சொன்னவ."

சண்முகநாதன் போய்ப் பார்த்தார். கறண்ட் பார்க்கிற ரெஸ்ரரை எடுத்துப் பைப்பில் வைத்தார். பிடிக்குள்ளே சின்னதாய் ஒரு சிவப்பு. தணல் ஊதினால் வருகிற மாதிரி.

அவருக்கு விளங்கிவிட்டது. நிலத்துக்கு அடியால் பம்ப் அறைக்குப் போகிற வயர். இருபது வருசத்துக்கு முதல் தாட்டது. மேலுறை எங்கேயோ தின்றுபோய், கறண்ட் மண்ணுக்குள் ஒழுகுகிறது. மண்ணுக்குள் கிடக்கிற இரும்புப் பைப்பிலும் ஏறுகிறது. இப்போது மண் காய்ந்து கிடக்கிறது. ஆனபடியால் சுள் என்பதோடு நிற்கிறது. மாரி தொடங்க இன்னும் இரண்டு மாதம்.

கந்தோரில் இருந்து கணக்குப் போட்டார். அறுபது யார் நீளம். வயரின் மேலே பிறகு சீமெந்து முற்றம் போட்டுவிட்டார்கள். அதை உடைத்து, தோண்டி, புது வயர் வாங்கித் தாட்டு, திரும்பச் சீமெந்து போட்டால்... அந்தப் பதினொரு யூனிற் மிச்சத்தில் அந்தக் காசு திரும்பி வரப் பதினாலு வருசம்.

மூன்று வருசத்துக்குள் என்பதுதானே நிபந்தனை. பதினாலு வருசத்தை எழுதினால் தன் அறிக்கையின் அழகு கெட்டுவிடும் என்று நினைத்தார். எழுதியிருந்த அந்த ஒரு வரியின் மேல் அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு போட்டார். கோடு நேராக விழுந்தது.

ஆனால் பதினொரு யூனிற்றுக்கு ஒரு காரணம் எழுதத்தானே வேண்டும். இப்படி எழுதினார்: "இரவுக் காவலாளி அனுமதியின்றி மின்னடுப்புப் பாவிக்கிறார் என நம்பக் காரணம் உண்டு. காவல் கொட்டிலுக்கும் அதை அண்டிய முற்றத்துக்கும் உள்ள இணைப்பைத் துண்டிக்கலாம். செலவு: இல்லை."

கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

ஐப்பசியில் கொட்டில் விளக்கையும் முற்றத்து விளக்கையும் கழற்றினார்கள். கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் விடியப்புறம், ஐந்து மணி, செபஸ்தியம்மா ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து பம்ப் அறைப் பைப்படிக்குப் போனாள். வெறுங்கால். மைபோல இருட்டு. கொட்டில் வாசலில் இருந்த கிறகோரிக்கு அவளுடைய வெள்ளைச் சேலை மட்டும் மங்கலாய்த் தெரிந்தது. வாளிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு, வாளி நிறைந்து... வழிகிற சத்தம்.

வழிந்துகொண்டே இருந்தது.

"செபஸ்தி..." என்று கூப்பிட்டார். அவள் நின்றாள். "எடி செபஸ்தி, வாளி நிறைஞ்சு வழியுது" என்று திரும்பக் கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பைப்பில் கை வைத்தபடி, தலையைக் கொஞ்சம் குனிந்தபடி, மழைக்குக் காது கொடுத்துக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றாள். என்னவோ யோசிக்கிறாள் என்று கிறகோரி நினைத்தார். சுருட்டொன்றைப் பற்றவைத்தார். அந்தச் சுருட்டு முடியும்வரை... அவள் நின்றாள்.

பிறகுதான் மயிர் கருகுகிற மணம் வந்தது.

மரண விசாரணையில் சண்முகநாதனைக் கேட்டார்கள். அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ரிப்போட்டில் எழுதியிருக்கிறேன்" என்றார். ரிப்போட்டில் என்ன இருந்தது? காவலாளியின் மின்னடுப்பு. ஆகவே காவலாளி களவாய் வயர் இழுத்திருக்க வேண்டும், அந்த வயர்தான் பெண்சாதியைக் கொன்றிருக்க வேண்டும் என்று முடிந்தது. கிறகோரியின் வேலை போனது. விசாரணை மண்டபத்திலிருந்து இறங்கும்போது கிறகோரி அவரை ஒரே ஒரு தரம் பார்த்தார். 

அதற்குப் பிறகு, பம்ப் அறைக்கு இரண்டு கம்பம் நட்டு மேலால் வயர் இழுத்தார்கள். நிலத்து வயரை இரண்டு பக்கமும் வெட்டி அப்படியே மண்ணுக்குள் விட்டுவிட்டார்கள். மூன்று பேர், ஒரு பின்னேரம், வேலை முடிந்தது. மேற்பார்வைக்கு நின்ற சண்முகநாதன் பழக்கத்தில் மனதுக்குள் கணக்குப் போட்டார். அந்தச் செலவு திரும்பி வர எட்டு மாதம். மேலால் இழுக்கலாம் என்று ஆவணியில் அவருக்குத் தோன்றவே இல்லை. அதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.

வருசங்கள் போயின. பதவி உயர்வு வந்தது. சண்டைகள் வந்தன. ஆமி போனது, வேறு ஆமி வந்தது, அதுவும் போனது. 1990 ஆனியில் குடாநாடு முழுவதும் கறண்ட் நின்றது. உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? வீட்டுக்கு வீடு ஜாம் போத்தல் விளக்கு. மீற்றர்களில் சிலந்தி கூடு கட்டியது. அந்தக் கந்தோர்த் தொகுதிமேல் குண்டு விழுந்து, அது பாழாய்ப் போனது.

கறண்ட் நின்று ஒரு வருசத்துக்கு மேல். 1991 ஐப்பசி. சண்முகநாதன் ஒரு காலை எழும்பிப் போய்க் கிணற்று வாளியின் பிடியைத் தொட்டார்.

சுள்...

கையை எடுத்தார். ஊசியாக்கும், முள்ளாக்கும் என்று பார்த்தார். ஒன்றும் இல்லை. மனைவி ஞானாம்பிகை வந்து அதே வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை.

அன்றைக்கு மத்தியானம் வாசற் படலைக் கொளுக்கி. பின்னேரம் குசினிக் கரண்டி. அடுத்த நாள் சைக்கிள் கைபிடி. எல்லாம் இரும்பு. எல்லாம் அவருக்கு மட்டும். ரெஸ்ரரைத் தேடி எடுத்து ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தார். கறண்டே இல்லாத ஊரில்... அந்தச் சின்னச் சிவப்பு எரிந்தது.

இரவில் ஒரு சத்தம். குசினிப் பக்கம். வாளி நிறைந்து வழிகிற சத்தம். அவர்கள் வீட்டுக் குசினியில் பைப்பே இல்லை. எழும்பிப் போனால் தரை காய்ந்து கிடக்கும். ஈர மண் மணமும், அதற்குள்ளே கருகின மயிர் மணமும் மட்டும் நிற்கும்.

ஐந்தாம் நாள் அவருக்கு மீற்றர் நினைவுக்கு வந்தது. விளக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சிலந்தி வலையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

சிவப்புக் கோடு... மெல்ல வந்தது. மெல்லப் போனது.

அவர் வேலை தெரிந்த மனிதர் அல்லவா? படுக்கப் போக முதல் இலக்கத்தைக் கொப்பியில் குறித்தார். விடியப்புறம் போய்த் திரும்பக் குறித்தார். கழித்துப் பார்த்தார். பதினொன்று. அடுத்த இரவும் பதினொன்று. பியூஸைப் பிடுங்கினார். பதினொன்று. வீட்டுக்கு வருகிற வயரையே வெட்டினார். கடைசியில் மீற்றரைத் தடியால் நெம்பிக் கழற்றி மாட்டுக் கொட்டிலில் வைக்கோலுக்கு மேல் போட்டார். ஒரு வயரும் இல்லாமல், வானத்தைப் பார்த்தபடி, அது சுற்றிக்கொண்டு கிடந்தது. அன்றிரவு முழுக்க மாடு கத்தியது.

ஞானாம்பிகைக்குக் கிட்டவும் அவரால் போக முடியவில்லை. ஒரு நாள் அவள் அவருக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொடக் குனிந்தாள். தாலிக்கொடி அவர் நெஞ்சில் பட்டது. ஆளைத் தூக்கிச் சுவரில் அடித்தது.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யுது? என்னெண்டு சொல்லுங்கோவன்!"

ஏழு வருசமாய்ச் சொல்லாததை அன்றைக்குத்தான் அவளுக்குச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு இருந்தாள். பிறகு தாலிக்கொடியைக் கையால் பொத்திப் பிடித்தபடி எழும்பிப் போய் மற்ற அறைக்குள் இருந்தாள்.

கறண்ட் நாளுக்கு நாள் கூடியது. முதலில் விரல் நுனி. பிறகு மணிக்கட்டு. முழங்கை. தோள். எந்த நாள் எதுவரைக்கும் ஏறியது என்று கொப்பியில் எழுதி வந்தார். எழுதினதை வைத்து ஒரு கணக்கும் போட்டார். இப்படியே ஏறினால் நெஞ்சுக்கு வர எத்தனை நாள்?

நாலு நாள்.

அடுத்த நாள் மருதனார்மடத்துச் சந்தைக்கு நடந்தே போனார். கிறகோரி குருநகரை விட்டு இடம்பெயர்ந்து வந்து அங்கே கருவாடு விற்கிறார் என்று நாகலிங்கம் எப்போதோ சொல்லியிருந்தார். சாக்கு விரித்து இருந்தார் கிறகோரி. தலை முழுக்க நரை.

"கிறகோரி அண்ணை..."

அவரை அண்ணை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தரம். கிறகோரி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன ஐயா, நல்லாய் மெலிஞ்சு போனியள்."

"நான் பொய் எழுதிப்போட்டன் அண்ணை. உங்களட்டை அடுப்பு இல்லையெண்டு எனக்குத் தெரியும். வயர்தான் எண்டும் தெரியும். என்னை மன்னியுங்கோ."

கிறகோரி கருவாட்டில் மொய்த்த ஈயைக் கலைத்தார். கனநேரம் கலைத்தார்.

"என்னட்டைக் கேட்டு என்ன பிரியோசனம் ஐயா? செத்தது நானில்லையே."

"அவ என்னை விடுறா இல்லை. நான் என்ன செய்யவேணும்?"

"அந்த வயர் இன்னும் நிலத்துக்கைதானே கிடக்கு?"

"ஓம்."

"அப்ப தோண்டி எடுங்கோவன். அண்டைக்கு எடுக்காததை." பிறகு சாக்கைச் சுருட்டியபடி சொன்னார்: "நாளைக்கு விடிய ஏழு மணிக்கு வாறன். அது தாட்ட இடம் எனக்குத் தெரியும். காட்டுறன்."

சண்முகநாதன் ஏழு மணிவரை பொறுக்கவில்லை. சாமத்திலேயே எழும்பினார். மண்வெட்டியின் மரப்பிடியில் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றினார். சைக்கிளைத் தொட முடியாது. நடந்துதான் போக வேண்டும். மழை தூறிக்கொண்டிருந்தது. ஞானாம்பிகை படலைவரை வந்தாள்.

"ஏழு மணியெண்டெல்லோ அந்த மனுசன் சொன்னவர்? விடியட்டுமே."

"இரவு கழுத்துவரைக்கும் ஏறிப்போட்டுது" என்றார். "என்ரை கணக்குப் பிழைச்சுப் போச்சு."

அவ்வளவுதான். இருட்டுக்குள் போய்விட்டார்.

மத்தியானம்வரை ஆள் திரும்பவில்லை. ஞானாம்பிகை தம்பியிடம் ஓடி வந்தாள். நாகலிங்கமும் இன்னும் இரண்டு பேரும் சைக்கிளில் போனார்கள். இனி வருவதெல்லாம் நாகலிங்கம் கண்டது.

கூரை இல்லாத கட்டடங்கள். கதவு யன்னல் எல்லாம் பிடுங்கிப் போயிருந்தது. நனைந்து உளுத்த பைல்களின் மணம். குண்டு விழுந்து சீமெந்து முற்றம் வெடித்துப் பிளந்து கிடந்தது. அந்தப் பிளவோடு ஒரு கிடங்கு, இடுப்பளவு ஆழம். அதற்குள்ளே சண்முகநாதன் முழங்காலில் இருந்தார். இரண்டு கையாலும் கறுப்பு வயரொன்றைப் பிடித்தபடி. தலையைக் கொஞ்சம் திருப்பி, பம்ப் அறைப் பக்கம் பார்த்தபடி. கண் திறந்திருந்தது.

நிலம் முழுக்கச் சேறு. அந்த வயர் கிடந்த இடம் மட்டும் அடுப்படிச் சாம்பல் மாதிரிக் காய்ந்து, சூடாய்... ஆவி பறந்துகொண்டிருந்தது.

கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் கிறகோரி இருந்தார். சுருட்டுப் பிடித்தபடி.

"எப்ப வந்தனீங்கள்?" என்று நாகலிங்கம் கத்தினார்.

"ஏழு மணிக்கு."

"ஏழு மணிக்கோ? இப்ப பன்ரெண்டு தாண்டிப் போச்சு. பாத்துக்கொண்டோ இருந்தனீங்கள்?"

"ரெண்டு தரம் கூப்பிட்டனான் தம்பி" என்றார் கிறகோரி. "ஐயா எண்டு. திரும்பிப் பாக்கேல்லை. என்னவோ யோசிக்கிறாராக்கும் எண்டு இருந்திட்டன்."

அவர் முகத்தில் ஒன்றும் இல்லை என்றார் நாகலிங்கம். கோபமும் இல்லை. சந்தோசமும் இல்லை.

நாகலிங்கம் கிடங்குக்குள் இறங்கி அத்தானின் தோளைத் தொட்டார். கை உதறியது, பல்லோடு பல் அடித்தது, பின்னால் போய் விழுந்தார். மற்ற இருவரும் தொட்டார்கள். அவர்களையும் எறிந்தது. நாகலிங்கம் எழும்பி வயரின் இரண்டு முனையையும் தேடிப் போனார். ஒரு முனை சுவரடியில் வெட்டுப்பட்டு வெறுமனே கிடந்தது. மற்றது பம்ப் அறை வாசலில். ஒன்றோடும் தொடுப்பு இல்லை.

மூன்று பேரும் விலகி நின்றார்கள். கிறகோரி சுருட்டை நூர்த்துக் காதில் செருகிக்கொண்டார். சாரத்தை மடித்துக் கட்டினார். வெறுங்காலோடு இறங்கிப் போய், அந்த விரல்களை ஒவ்வொன்றாய் வயரிலிருந்து கழற்றினார். ஆளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். அவருக்கு ஒன்றும் செய்யவில்லை.

சண்முகநாதனின் சட்டைப்பைக்குள் பாதி செருகியபடி இருந்த கொப்பி சேற்றில் விழுந்தது. நாகலிங்கம் தடியால் புரட்டிப் பார்த்துவிட்டு எடுத்தார். கடைசிப் பக்கம். வழக்கமான முத்து எழுத்து.

"5.10. வயர் கண்டேன். இரு முனையும் தனி. மண் சூடு."

"5.25. பைப்படியில் தண்ணீர்ச் சத்தம். வெள்ளைச் சேலை. முதுகு தெரிகிறது."

"5.30. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்."

அதற்குக் கீழே ஒரே ஒரு சொல். பென்சில் தாளைக் கிழித்திருந்தது.

"திரும்புகிறாள்."

"என்ன எழுதிக் கிடக்கு?" என்று கிறகோரி கேட்டார். நாகலிங்கம் வாசித்தார். கிறகோரி தோளில் பிணத்தோடு அப்படியே நின்றார்.

"கடைசியிலை உள்ளதை இன்னொருக்கால் வாசி தம்பி."

வாசித்தார். கிறகோரி பிணத்தைத் தோளில் சரிசெய்துகொண்டார். நடக்கத் தொடங்கினார்.

மாட்டு வண்டில் ஒன்று பிடித்துப் பிணத்தை ஏற்றினார்கள். வேறு ஒருவரும் கிட்டப் போகப் பயந்ததால் கிறகோரியே பக்கத்தில் இருந்தார். மற்றவர்கள் சைக்கிளில் பின்னால். மருதனார்மடம் தாண்டும்போது மைமல் பொழுது. ஊர் முழுக்க இருட்டத் தொடங்கியிருந்தது.

வண்டில் ஒரு தெருக்கம்பத்தைக் கடந்தது. அந்தக் கம்பத்தில் லைற் எரிந்தது.

பச்சை வெள்ளை வெளிச்சம். ஒன்றரை வருசமாய் ஒருவரும் காணாத வெளிச்சம். அடுத்த கம்பத்தைக் கடந்தது. அதுவும் எரிந்தது. பிறகு அடுத்தது. வண்டில் போகப் போகப் பின்னால் வரிசையாய் எரிந்துகொண்டு வந்தது. வீடுகளுக்குள்ளிருந்து சனம் கத்தத் தொடங்கிவிட்டது. "லைற்றை நூருங்கோ! ஆரது? ஹெலி வரப்போகுது, நூருங்கோ!" குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிப் பங்கருக்குள் ஓடினார்கள். பலாலி ஆமிக் காம்ப் பக்கத்திலிருந்து ஹெலிகொப்டர்ச் சத்தமும் கேட்கத் தொடங்கியது... தட தட தட என்று.

நாகலிங்கம் சைக்கிளை எறிந்துவிட்டு வண்டிலைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ! நீங்கள் சொன்னால் அவ கேப்பா! சனம் சாகப்போகுது!"

கிறகோரி அந்த வெளிச்சத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ என்ரை சொல்லைக் கேக்கிறவ எண்டால் அண்டைக்கே திரும்பியிருப்பா" என்றார்.

சண்டிலிப்பாயில் அவர்களுடைய ஒழுங்கை முகப்பு. வீட்டுப் படலைக்கு நேர் எதிரே ஒரு கம்பம். வண்டில் நின்றதும் அது எரிந்தது. பின்னால் எரிந்த மற்றதெல்லாம் நூர்ந்தது. அது மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கல்லால் எறிந்தார்கள். படவில்லை. ஹெலி வந்தது. தாழ வந்தது. எல்லாரும் பங்கருக்குள். பிணம் மட்டும் விறாந்தையில் மர வாங்கின் மேல், அந்த வெளிச்சத்தில். ஹெலி மூன்று தரம் வட்டம் அடித்தது. சுடவில்லை. போய்விட்டது. கிறகோரி எந்த நேரம் எழும்பிப் போனார் என்று ஒருவருக்கும் தெரியாது.

லைற் விடியும்வரை எரிந்தது.

விடிந்ததும் நாகலிங்கம் ஏணி வைத்து அந்தக் கம்பத்தில் ஏறினார். கம்பி இல்லை. அந்த ஒழுங்கைக் கம்பியை அறுத்துப் பங்கருக்குக் கட்டி ஒரு வருசம். பல்ப்பும் இல்லை. பல்ப் இருக்க வேண்டிய இடத்தில் தகர மூடிக்குள்ளே ஒரு குருவி வைக்கோலால் கூடு கட்டியிருந்தது. கூட்டில் ஒரு வைக்கோல்கூடக் கருகவில்லை. உள்ளே நாலு முட்டை. ஒன்றைக் கையில் எடுத்தார், சுட்டது. ஓட்டை உடைத்துப் பார்த்தார்.

அவிந்திருந்தது.